பல் வரிசையும் பற்கம்பியும்

(உறுப்பினர் கல்விப் பாடம்)

சென்ற ஆண்டு நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் கடன் மனுவோடு நம் சங்க அலுவலகத்திற்கு வந்தார். மனுவில் கண்ட காரணம் ‘மகளின் பல் வைத்தியம்’ என்பது. பன்னிரண்டு வயதில் அச்சிறுமியின் மேல்வரிசைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. உறவினர் ஒருவரின் சொற்படி தொலைவிலுள்ள பெருநகரத்திற்குச் சென்று, கையிலிருந்த பணத்தைத் தந்து, பற்களுக்குக் கம்பி கட்டுவித்தார். மாதம் ஒருமுறை வரவேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். போய்வர ஒரு முழு நாள் ஆயிற்று. ஐந்து மாதங்கள் தந்தையும் மகளும் தவறாது சென்றனர். ஆறாவது மாதம் தீபாவளி நெசவு நெருக்கியது, ஏழாவது மாதம் மழை பிடித்துக்கொண்டது, அதன்பின் போகவேயில்லை. கம்பி மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது. ஓராண்டு சென்று பார்த்தபொழுது கம்பியைச் சுற்றிப் பற்களில் வெண்புள்ளிகள் விழுந்து, இரண்டு பற்கள் சொத்தையாகியிருந்தன. பற்களும் வரிசைப்படவில்லை.

இத்தந்தையிடம் அன்பிற்குக் குறைவில்லை. செலவு செய்யவும் அவர் தயங்கவில்லை. ஆயினும், வேலையைத் தொடங்குமுன் போடவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. அதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. அக்கணக்கை நம் அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

வரிசை ஏன் வேண்டும்?

பல் வரிசையை அழகுக்காக மட்டும் வேண்டுவது என்று பலர் எண்ணுகின்றனர். அழகும் வேண்டியதே, அதிற் குற்றமில்லை. ஆனால் பயன் அதனினும் பெரிது. தறியின் அச்சில் ஒரு பல் வளைந்திருப்பின், அதனூடே செல்லும் பாவிழை உராய்ந்து அறுவதையும், துணியில் கீற்று விழுவதையும் நெசவாளர் அறிவர். வாயிலும் ஏறத்தாழ அப்படியே. நெருங்கி ஏறிய பற்களின் இடுக்கில் உணவுத்துகள் தங்கும். பிரஷ் அங்கே செல்லாது. சொத்தையும் ஈறு வீக்கமும் தோன்றும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாவிடின் மெல்லுதல் குறைவுபடும். சில பற்கள் மட்டும் தேயும். முன்பற்கள் வெளியே நீண்டிருக்கும் பிள்ளைகள் விழுந்தால், முதலில் உடைவது அப்பற்களே.

எனினும் சிறிது கோணலாயுள்ள பல் ஒவ்வொன்றிற்கும் கம்பி வேண்டுவதில்லை. மெல்லவும் துலக்கவும் தடையில்லாமல், பிள்ளைக்கும் மனக்குறை இல்லாமல் இருப்பின், அதை விட்டுவிடலாம். இதைத் தயங்காமற் சொல்லும் வைத்தியரே நம்பத்தக்கவர்.

வரிசை கெடுவதற்குக் காரணங்கள்

குழந்தைக்குப் பால்பற்கள் இருபது. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதிற்குள் நிறைவு பெறும். நிலைப்பற்கள் முப்பத்திரண்டு. இவற்றுள் முதற் கடைவாய்ப் பல் ஆறு வயதளவில், பால்பற்களுக்குப் பின்னே முளைக்கிறது. அதற்கு வழிவிட எந்தப் பல்லும் விழுவதில்லை. ஆதலால் அதையும் பால்பல் என்றெண்ணிப் பெற்றோர் பலர் கவனியாது விடுகின்றனர். அதிற் சொத்தை விழுந்தால் வேறு பல் முளைத்து வராது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

“விழப்போகிற பால்பல்தானே” என்று சொத்தையை விட்டுவிடுவது மற்றொரு பிழை. கடைவாய்ப் பால்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை நின்று, பின்வரும் பல்லுக்கு இடம் காத்துக் கொடுப்பவை. நாற்றங்காலில் ஓரிடம் வெறுமையானால் பக்கத்து நாற்று அங்கே சாய்வதுபோல, பால்பல்லை முன்னதாகவே இழந்த இடத்திற் பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடும். பின்வரும் பல் இடமின்றித் தெற்றிக்கொண்டு முளைக்கும். எனவே பால்பல்லின் சொத்தையை அடைப்பது, பின்னாளிற் கம்பிச் செலவைக் குறைப்பதும் ஆகும். பல்லை எடுத்தே தீரவேண்டியிருப்பின், அவ்விடத்தைக் காக்கச் சிறு வளையம் ஒன்று பொருத்துவதுண்டு. அதைப்பற்றி வைத்தியரைக் கேட்கலாம்.

பெற்றோரிடமிருந்து வரும் தாடை அமைப்பு ஒரு காரணம். பெரிய பல்லும் சிறிய தாடையும் சேர்ந்தால் நெருக்கம் இயல்பே. நான்கு வயதிற்குப் பின்னும் விரல் சூப்புதல், மூக்கடைப்பால் எப்பொழுதும் வாய்வழியே மூச்சுவிடுதல், விழுங்கும்பொழுது நாவால் முன்பற்களைத் தள்ளுதல் ஆகிய பழக்கங்களும் வரிசையைக் கெடுக்கும். இவை நீங்காமற் கம்பி மட்டும் கட்டுவது, மடையை அடைக்காமல் நீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.

நம் தொழிலைச் சார்ந்த இரண்டு செய்திகளையும் இங்கே சொல்லவேண்டும். நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கம் முன்பல்லின் விளிம்பிற் குழி உண்டாக்கும். கம்பி கட்டியவர் அவ்வாறு செய்தால் ஒட்டு பெயர்ந்துவிடும். கத்தரியைக் கையருகே வைத்துக்கொள்வதே நன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிற் புளோரைடு மிகுதி. பல் உருவாகும் வயதில் அந்நீரைப் பருகிய பிள்ளைகளின் பற்களிற் பழுப்புக் கறை காணப்படும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் அம்மாவட்டங்களுக்கு ஆற்றுநீரைக் கொண்டுவந்தது இக்குறையைத் தடுக்கவே. அக்கறை துலக்காமையால் வந்ததன்று, கம்பியால் நீங்குவதுமன்று. கறை மிகுந்த பல்லிற் கம்பியின் ஒட்டு எளிதில் நிற்காது. ஆதலால் அதை வைத்தியரிடம் முன்னரே சொல்லவேண்டும்.

கம்பி எவ்வாறு வேலை செய்கிறது?

பல் தாடையெலும்பில் ஆணிபோல் அறையப்பட்டது என்று நினைப்பது தவறு. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ச்சவ்வு ஒன்றுண்டு. பல்லை ஒருபக்கமாக மென்மையாகத் தொடர்ந்து அழுத்தினால், அழுத்தம் படும் பக்கத்தில் எலும்பு கரையும். எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு படியும். இவ்வாறு பல் தன் எலும்போடு மெல்ல மெல்ல இடம்பெயர்கிறது. மாதத்திற்கு ஒரு மில்லிமீட்டர் அளவே நகரும். விரைவாக முடிக்க எண்ணி மிகையாக இழுத்தால் வேர் தேயும். பல்லும் ஆட்டம் காணும். கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு வாழைநாரால் தளரக் கட்டுகிறோம். இறுக்கினால் கொடி அறும் என்பது பயிரிடுவோர் யாவருக்கும் தெரியும். கம்பியின் விதியும் அதுவே.

இம்முறை புதியதன்று. பிரெஞ்சு வைத்தியர் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட நூலில், உலோகப் பட்டையோடு பற்களை நூலால் கட்டி நேராக்கும் முறையை விவரித்தார். அமெரிக்க வைத்தியர் எட்வர்டு ஆங்கிள் 1899-இல், முதற் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையைக் கொண்டு, வரிசைக் கோளாறுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். கடைவாய் சரியாகப் பொருந்தியும் முன்பற்கள் ஒழுங்கற்றிருப்பது முதல் வகுப்பு. கீழ்வரிசை பின்தங்கியிருப்பது இரண்டாவது, முன்தள்ளியிருப்பது மூன்றாவது. வைத்தியர்கள் இன்றும் இவ்வகுப்புகளையே சொல்லுகின்றனர்.

இக்காலக் கம்பியின் உறுப்புகள் மூன்று. ஒவ்வொரு பல்லிலும் ஒட்டப்படும் சிறு தாங்கி ஒன்று. இதைப் பிராக்கெட் என்பர். எல்லாத் தாங்கிகளின் வழியாகவும் செல்லும் வளைந்த கம்பி மற்றொன்று. கம்பியைத் தாங்கியோடு பிணைக்கும் ரப்பர் வளையம் அல்லது மெல்லிழை மூன்றாவது. தொடக்கத்தில் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த மெல்லிய கம்பியை இடுவர். வளைத்தாலும் தன் பழைய வடிவிற்கே திரும்பும் இயல்புடையதாதலால் அது பற்களை மெதுவாக இழுக்கும். பின்னர்த் தடித்த எஃகுக் கம்பிக்கு மாற்றுவர். நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வைத்தியர் இதைப் பார்த்துச் சரிசெய்யவேண்டும். பெரும்பாலோருக்கு ஒன்றரை முதல் இரண்டாண்டு ஆகும். சிலருக்கு மூன்றாண்டும் ஆகலாம். நெருக்கம் மிகுந்திருந்தால், இடம் உண்டாக்கச் சில முன்கடைவாய்ப் பற்களை எடுப்பதுண்டு. இது முறையான வழியே, அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்டறிவது நம் உரிமை.

கம்பிக்குப் பதிலாக நிறமற்ற பிளாஸ்டிக் உறைகளும் உள்ளன. நாளுக்கு இருபது மணி நேரத்திற்கு மேல் அணிந்து, வாரம் ஒன்றிரண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். விலை மிகுதி, அணிபவரின் கட்டுப்பாட்டையே முழுதும் நம்பியது. நேரிற் பரிசோதிக்காமல் அஞ்சலில் அனுப்பப்படும் உறைகளை ஏற்கலாகாது. பல்லிடுக்கை மூட வீட்டிலேயே ரப்பர் வளையத்தையோ நூலையோ மாட்டுவது கொடிய ஆபத்து. அவ்வளையம் ஈற்றுக்குள் ஏறி மறைந்து, வேரைச் சுற்றிய எலும்பை அழித்து, நல்ல பல்லையே இழக்கச் செய்யும்.

எந்த வயதிற் காட்டுவது?

ஏழு வயதில் ஒருமுறை காட்டுவது நல்லது. கம்பி கட்டுவதற்காக அன்று. முளைக்கவேண்டிய பற்கள் முறையாக முளைக்கின்றனவா, தாடை ஒருபக்கம் சாய்கிறதா என்று அறிவதற்காகவே. முழுக் கம்பி பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு வயதிற்குள் கட்டப்படுகிறது. வயது கடந்தவர்களுக்கும் கட்டலாம். ஈறும் எலும்பும் உறுதியாக இருத்தல் வேண்டும்.

அருகில் வைத்தியரைத் தேடும் முறை

முதலில் மாவட்ட அல்லது தாலுகா அரசு மருத்துவமனையில் உள்ள பல் பிரிவுக்குச் செல்லலாம். அங்கே எல்லா இடத்தும் கம்பி கட்டமாட்டார்கள். ஆனால் கம்பி தேவையா, சொத்தை அடைத்தல் முதலியவற்றை முன்னர்ச் செய்யவேண்டுமா என்று தெரிந்துகொள்ளலாம். அடுத்து, பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. சென்னையில் 1953-இல் அரசு பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. சிதம்பரத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரிகள் உண்டு. தனியார் கல்லூரிகள் பல ஊர்களில் உள்ளன. கல்லூரிகளில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வர். கட்டணம் குறைவு, காத்திருக்கும் நேரம் மிகுதி.

தனி வைத்தியரிடம் செல்வதானால் கவனிக்கவேண்டியவை நான்கு.

முதலாவது, பதிவு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல் வைத்தியர்களுக்குப் பதிவுமுறை வந்தது. மாநிலப் பல் மருத்துவ மன்றத்திற் பதிவு செய்தவருக்கு ஓர் எண் உண்டு. அதைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. சாலையோரத்திலும் சந்தையிலும் பல் கட்டுவோரிடம் வாயைத் திறக்கவேண்டாம்.

இரண்டாவது, படிப்பு. பி.டி.எஸ். பட்டம் பெற்றவர் பொதுப் பல் வைத்தியர். அதன்மேல் மூன்றாண்டு பயின்று பல் சீரமைப்பிலே எம்.டி.எஸ். பெற்றவர் இத்துறை நிபுணர். சிறு ஊர்களில் நிபுணர் மாதத்தில் சில நாட்களே வருவார். அவ்வாறாயின், அவர் வாராத நாளிற் கம்பி பெயர்ந்தால் யார் பார்ப்பார் என்று கேட்டு வைக்கவேண்டும்.

மூன்றாவது, முறை. பல்லின் அச்சு வார்ப்பு, எக்ஸ்ரே, புகைப்படம் ஆகியன எடுக்காமல், பார்த்த அன்றே கம்பி ஒட்ட முற்படுபவரிடம் எச்சரிக்கை தேவை. கருவிகளை ஒவ்வொருவருக்கும் நீராவியில் தூய்மை செய்கிறார்களா என்பதையும் கேட்கலாம்.

நான்காவது, எழுத்து. என்ன செய்யப்போகிறார், எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு, தவணை எப்படி என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கவேண்டும். சங்கத்திற் கணக்கு வைக்கும் நமக்கு இது புதிய பழக்கமன்று.

தொலைவும் செலவே

இனி முதலிற் சொன்ன கணக்கிற்கு வருவோம். கம்பியின் கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும்; சில பத்தாயிரம் ரூபாய் ஆகக்கூடியது. இதனோடு எக்ஸ்ரே, சொத்தை அடைத்தல், பெயர்ந்த தாங்கியை மாற்றுதல், முடிவில் அணியும் காப்புக் கருவி ஆகியன சேர்ந்தனவா, தனியா என்று கேட்கவேண்டும்.

ஆனால் எந்தச் சீட்டிலும் எழுதப்படாத செலவு ஒன்றுண்டு. அது நம் நாட்கள். இரண்டாண்டில் மாதம் ஒன்றாக 24 முறை. தொடக்கத்தில் நான்கு முறை. ஆக 28 முறை. மருத்துவமனை தொலைவிலிருந்து ஒவ்வொரு முறையும் முழு நாள் போனால், 28 நாள் தறி நிற்கும். ஏறத்தாழ ஒரு மாத நெசவுக் கூலி அது. இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம் வேறு. பிள்ளைக்கு 28 நாள் பள்ளியும் போயிற்று. அதே சிகிச்சை அரை நாளில் போய்வரும் தொலைவில் இருந்தால், 14 நாளோடு முடியும். எனவே அருகிலுள்ளவரின் கட்டணம் சிறிது கூடுதலாயினும் மொத்தச் செலவு குறைவாகலாம். அதனினும் முக்கியம், இடையில் நிற்காமற் சிகிச்சை முடியும் என்பதே. பாதியில் விட்ட கம்பி, கட்டாத கம்பியை விடக் கேடு.

இச்செலவுக்குக் கடனைவிடச் சேமிப்பே ஏற்றது. ஏனெனில் பல் சீரமைப்பு திடீரென வரும் நோயன்று. ஏழு வயதிற் காட்டி, கம்பி வேண்டியிருக்கும் என்று அறிந்தால், பன்னிரண்டு வயது வரை அறுபது மாதங்கள் உள்ளன. மாதம் 500 ரூபாய் தொடர்வைப்பில் இட்டால் 30,000 ரூபாய் ஆகும், வட்டி வேறு. சங்கமாகவும் நாம் செய்யத்தக்கன உண்டு. பல் மருத்துவக் கல்லூரிகளின் சமுதாயப் பல் நலப் பிரிவினர் ஊர்களில் முகாம் நடத்துகின்றனர். சங்கத்தின் பெயரால் எழுதி அழைக்கலாம். ஒரே மருத்துவமனைக்குச் செல்லும் குடும்பங்கள் ஒரே நாளைக் குறித்துக்கொண்டால், முறை வைத்து ஒருவரே பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். மற்றவரின் தறியும் வயலும் நிற்கவேண்டா.

கம்பி உள்ள காலத்திலும் அதன் பின்னும்

முதல் சில நாட்கள் வலி இருக்கும். குழைந்த சோறு, இட்லி, கூழ் முதலியன கொடுக்கலாம். கரும்பு கடித்தல், முறுக்கு, கடலை மிட்டாய், கமர்கட்டு, கொய்யாக்காய், தேங்காய்ச்சில் ஆகியவற்றைக் கம்பி எடுக்கும்வரை விலக்கவேண்டும். பழத்தை நறுக்கித் தரலாம். ஒவ்வோர் உணவிற்குப் பின்னும் துலக்கவேண்டும். கம்பியைச் சுற்றித் தங்கும் உணவே வெண்புள்ளிகளுக்குக் காரணம். அப்புள்ளிகள் எளிதில் மறைவதில்லை. கம்பி குத்தினால் வைத்தியர் தரும் மெழுகை வைத்து, அவரிடம் செல்லவேண்டும். வீட்டிலே குறடு கொண்டு வளைக்கலாகாது. எக்காரணத்தாலாவது சிகிச்சையைத் தொடர இயலாவிடின், கம்பியை எடுத்துவிடுமாறு வைத்தியரிடம் சொல்லவேண்டும். வேறு ஊருக்குப் போவதானால் எக்ஸ்ரேயையும் குறிப்புகளையும் கேட்டு வாங்கிச் செல்லவேண்டும்.

கம்பியை எடுத்த அன்றே வேலை முடிந்ததென எண்ணுவது இறுதிப் பிழை. பல்லைச் சுற்றிய நார்கள் பழைய இடத்தை மறக்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அவை பல்லைப் பின்னுக்கு இழுக்கும். ஆதலின் காப்புக் கருவியை வைத்தியர் சொன்ன காலம்வரை அணியவேண்டும். இரவில் மட்டும் அணிவது ஆண்டுக்கணக்கிலும் நீளலாம். இதை விட்டவர் பலர், இரண்டாண்டு உழைப்பைச் சில மாதங்களில் இழந்தனர்.

முதலிற் கூறிய அங்கத்தினருக்குச் சங்கம் கடன் வழங்கியது. அவர் இம்முறை பெருநகரம் செல்லவில்லை. அருகிலிருந்த அரசு மருத்துவமனையிற் பழைய கம்பியை எடுத்து, சொத்தைகளை அடைத்துக்கொண்டு, ஒரு மணிப் பயணத்தில் உள்ள கல்லூரி மருத்துவமனையிற் புதிதாகத் தொடங்கினார். புடவை கொடுத்து நூல் பெறச் சங்கத்திற்கு வரும் நாளையே சிகிச்சை நாளாகவும் கேட்டு வாங்கிக்கொண்டார். பதினோரு மாதங்களாக ஒருமுறையும் தவறவில்லை. வெண்புள்ளிகள் இன்னும் மறையவில்லை; வரிசை முழுதும் அமைய மற்றோர் ஆண்டு ஆகும். சென்ற வாரம் தந்தையோடு சங்கத்திற்கு வந்த அச்சிறுமி, கையால் வாயை மறைக்காமற் பேசினாள்.

படிப்பு வட்டத்தில் ஆராயவேண்டிய வினாக்கள்

1. பால்பல்லிற் சொத்தை விழுந்தால் அடைக்கவேண்டுவது ஏன்?

2. பல்லை விரைவாக இழுத்தால் விளையும் தீமைகள் யாவை?

3. நம் ஊரிலிருந்து அரை நாளிற் போய்வரக்கூடிய பல் மருத்துவ இடங்கள் எவை? அங்கே எந்தெந்த நாளில் நிபுணர் வருகிறார்?

4. உங்கள் வீட்டில் ஏழு வயது நிரம்பிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுடைய பற்களை வைத்தியர் பார்த்ததுண்டா?

5. நம் சங்கத்தின் சார்பில் பல் முகாம் நடத்த ஏற்ற மாதம் எது?